சிகரெட்டை விட்டவரின் முதல் சில வாரங்கள்

(மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு தினத்தன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நுரையீரல், இதயம், புற்றுநோய் பற்றி நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் பாக்கெட்டிலேயே படத்தோடு போட்டிருக்கிறது. சிகரெட்டை விட்டவுடன் வரும் எரிச்சல், கோபம், காரணமில்லாத சோகம் பற்றி மட்டும் சொல்கிறேன். பலர் மறுபடி பற்றவைப்பது அதனால்தான்.

"ஒன்று பிடித்தால்தான் டென்ஷன் குறைகிறது" என்பார்கள். கேஷ் டேலி ஆகாத நாட்களில் எங்கள் கிளையில் அடிக்கடி கேட்ட வசனம். புகையை இழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. அது குறையக் குறையப் பதற்றம் வருகிறது. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தைத்தான் தணிக்கிறது. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக்கடன் கொடுப்பதை வங்கியில் 'எவர்கிரீனிங்' என்போம். இதுவும் அதேதான்.

அதை நிறுத்தினால் முதலில் நெருக்கடி வரத்தான் செய்யும். முதல் மூன்று நாள் ரொம்பக் கடுமை. தூக்கம் வராது, கவனம் நிற்காது, சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடக் குரல் உயரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குள் "நம் சுபாவமே இதுதான் போல" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு வந்தால், அது சில நிமிடங்களில் தானே இறங்கும். அதுவரை மாடிப்படி இறங்கி ஒரு நடை நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. புகைப்பவரின் உடம்பு காபியில் உள்ள கஃபீனை வேகமாகக் கழித்துவிடும். விட்டபின் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. பழையபடி நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால் படபடப்பு கூடும். பழி சிகரெட் இல்லாததன் மேல் விழும். காபியைப் பாதியாக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் சீறும்போது, "இதுக்கு நீங்க பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் மனசு காத்திருப்பதே அந்த அனுமதிக்குத்தான். விடப்போகிறவரும் எந்தத் தேதி என்று வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும். திடீரென்று ஏச்சு வாங்குகிறவர்களுக்குக் காரணமாவது தெரியட்டும்.

சோகம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் இலவச எண் 1800 112 356, தமிழிலும் பேசலாம். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறோம்.