ஏற்றமும் இறக்கமும்: நூற்றுக்கு எவ்வளவு?

(துடியலூரில் ஆற்றிய உரை)



துடியலூர் 2011-ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. எனினும் சுற்றுக் கிராமத்தார் நாம் இங்கே கூடியிருப்பது ஒரு கணக்கைப் பற்றிப் பேசுவதற்காக. விலையும், வரியும், மானியமும் “நூற்றுக்கு இவ்வளவு” என்றே நம் முன் வருகின்றன. அதை நாமே போட்டுப் பார்க்காவிடில் பிறர் சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

வழி மிகவும் எளிது. பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். அரவைக் கொப்பரைக்கு மத்திய சர்க்கார் குறித்த ஆதரவு விலை 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் குவிண்டாலுக்கு ரூ. 11,160, 2025-இல் ரூ. 11,582. வித்தியாசம் ரூ. 422. ஏற்றம் 3.78 சதவிகிதம். பந்துக் கொப்பரையோ ரூ. 12,000-லிருந்து ரூ. 12,100 ஆயிற்று, ஏற்றம் 0.83 சதவிகிதமே. “விலை உயர்ந்தது” என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது! இவ்வேற்றம் உழவனுக்குப் போதுமா என்பது வேறு பேச்சு.

இறக்கத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். ரூ. 40 விற்ற தேங்காய் ரூ. 30-க்கு இறங்கினால் இழப்பு 25 சதவிகிதம். அது மீண்டும் ரூ. 40-ஐ எட்ட 25 சதவிகித ஏற்றம் போதாது. 33⅓ சதவிகிதம் வேண்டும். நாற்பதில் பத்து கால் பங்கு. முப்பதில் பத்து மூன்றில் ஒரு பங்கு அல்லவா? “இவ்வாண்டு இருபது சதவிகிதம் குறைத்துக்கொள்வோம், அடுத்த ஆண்டு இருபது கூட்டித் தருகிறோம்” என்று வியாபாரி சொன்னால், நூறு ரூபாய் எண்பதாகி, பின் தொண்ணூற்றாறு ஆகும். நான்கு ரூபாய் நம் கையை விட்டுப் போயிற்று. ஆகவே ஒப்பந்தத்தில் சதவிகிதத்தோடு ரூபாயையும் எழுதச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்து அறிக்கை படிப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குடிமதிப்புக் கணக்கின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் 2001-இல் நூற்றுக்கு 73.45; 2011-இல் 80.09. இதை 6.64 புள்ளி உயர்வு என்பதும் சரி, 9.04 சதவிகித உயர்வு என்பதும் சரி. வரி வசூல் நூற்றுக்கு 40-லிருந்து 60 ஆனால் அது 20 புள்ளி; சதவிகிதத்தில் 50. பெருமை பேசுவோர் எதைச் சொல்வர் என்பதை நாம் அறிவோம்.

பழைய தொகை பூஜ்யமாயின் இக்கணக்கே செல்லாது. சென்ற ஆண்டு ஒரு மரக்கன்றும் நடாத ஊர் இவ்வாண்டு 200 நட்டால், அறிக்கையில் 200 கன்றுகள் என்று எழுதினால் போதும்.