மெய்யை உருக்கிப் பொய்யைக் கும்பிடுவதா?

(நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



பழைய மெடல்களையும், காசு போன்ற வில்லைகளையும் எப்படி இன்னதென்று கண்டுபிடிப்பது என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். மேடைக்கு வரும்போதே ஒரு தோழர், "ஏனுங்க, காசைப் பத்திப் பேசறீங்களாமே, காசு பண்ற வழி ஏதாச்சும் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். அந்த வழி நமக்குத் தெரியாது. கையில் இருக்கிற காசைப் பறிகொடுக்காமல் இருக்கும் வழி ஒன்று தெரியும். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் கண்ணாலும் கையாலும் பரீட்சை செய்து பார்த்து, சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாம் நேரில் பார்த்த இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறோம். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்துப் பிழைக்கும் ஒருவர் நம்மிடம் ஒரு வில்லையைக் காட்டினார். ஒரு புறம் ராமன், சீதை, இலட்சுமணன், அனுமான். மறு புறம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818 என்று எழுத்து. "மின்னல் விழுந்த செம்பு, உள்ளே இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் கோடி ரூபாய்க்கு வாங்குவார்கள்" என்று சொல்லி ஒரு கூட்டத்தார் அவரிடம் மூன்று லட்சம் ரூபாய் முன்பணம் கறந்துகொண்டு போய்விட்டார்கள். வில்லை மட்டும் அவர் வீட்டுப் பூஜை அறையில் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, பரமத்திப் பக்கம் ஒரு குடியானவர் வீடு. அந்த வீட்டுப் பாட்டனார் 1914ல் தொடங்கிய பெரிய யுத்தத்துக்குப் போய் வந்தவர் என்று கேள்விப்பட்டு, அவருக்குக் கிடைத்த மெடலைப் பார்க்கப் போனோம். நாம் போவதற்குப் பதினைந்து நாள் முன்புதான் அதைச் சேலத்தில் வெள்ளி எடைக்குப் போட்டுப் பேத்திக்குக் கொலுசு வாங்கியிருந்தார்கள். "அதோட ஓரத்துல ஏதாச்சும் எழுதியிருந்துச்சுங்களா?" என்று கேட்டோம். "ஏதோ இங்கிலீசுல பொடி எழுத்து சுத்தி இருந்துச்சுங்க, நாங்க என்னத்தைக் கண்டோம்!" என்றார்கள். அந்தப் பொடி எழுத்துதான் தோழர்களே அந்தப் பாட்டனாருடைய பெயர்!

ஆகவே, பத்து மைல் தூரத்துக்குள்ளே ஒரு வீட்டில் பொய்யான வில்லைக்கு விளக்கு எரிகிறது. மற்றொரு வீட்டில் மெய்யான மெடல் உலையில் உருகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கைக்கு வந்த பொருளைப் பார்த்து, "நீ யார்? எங்கே பிறந்தாய்? யார் உன்னை அடித்தார்கள்?" என்று கேட்க நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரிக் ஓட்டும் தோழர் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் தண்ணீர் என்று சொல்லுவார். அவ்வளவு அறிவும் ராமன் படத்தைக் கண்டவுடன் கை கட்டி நின்றுவிட்டது.

சரி, அந்த வில்லையை இப்போது விசாரிப்போம். இப்படிப்பட்ட வில்லைகளில் 1616 என்றும், 1717 என்றும், 1818 என்றும் பல வருஷங்கள் போட்டு வருகின்றன. கம்பெனி ஏற்பட்டது 1600ல். சென்னையில் கோட்டை கட்ட அதற்கு இடம் கிடைத்தது 1639ல். ஒரு சாண் நிலங்கூட இங்கே இல்லாதவன் 1616ல் இந்த நாட்டுக்கு அணாக் காசு அடித்தானா? 1818க்கு முன் சென்னை ராஜதானியில் கணக்கெல்லாம் வராகன், பணம், காசு என்றே நடந்தது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். அந்த 1818ல்தான் ரூபாய் இங்கே பிரதான நாணயமாயிற்று. கம்பெனி தன் ஆட்சி முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயம் அடிக்க ஆரம்பித்ததோ 1835ல். அப்போதும் செம்பில் அரை அணா, கால் அணா, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா என்றுதான் அடித்தான். ஒரு அணா என்று பெயர் பொறித்த தனி நாணயம் 1907ல், நிக்கல் கலந்த உலோகத்தில், நெளிநெளியான ஓரத்தோடு வந்தது. அதற்குள் கம்பெனியின் ஆட்சி போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆகவே "கம்பெனி, ஒரு அணா, 1818" என்று எழுதியிருந்தால், பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்து ஜாதகம் கணித்த கதைதான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாமி படம் இருப்பதாலேயே அது பொய் நாணயம் என்று சொல்லிவிடக் கூடாது. சென்னையில் கம்பெனியே விஷ்ணு உருவம் போட்ட தங்க வராகன் அடித்திருக்கிறது. மூன்று சாமி வராகன், நட்சத்திர வராகன் என்று அவற்றுக்குப் பெயர். வியாபாரிக்கு எந்தச் சாமியும் சம்மதந்தான்; காசு செல்லுபடியாக வேண்டும், அவ்வளவே. நாம் பார்க்க வேண்டியது படத்தை மட்டுமல்ல. எழுத்து, வருஷம், மதிப்பு, எடை, உலோகம் ஆகிய எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துச் சாட்சி சொல்லுகின்றனவா என்பதே கேள்வி. ராமடங்கா என்று பூஜைக்கும் யாத்திரைக்கும் வைத்துக்கொண்ட வில்லைகள் பழைய காலத்திலும் உண்டு. அவை கடையில் செல்லும் காசு அல்ல. அவற்றைப் பார்த்து, கம்பெனி பெயரையும் சேர்த்து, கோயில் வாசலிலும் சந்தையிலும் விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்தவையே இன்று கோடி ரூபாய்ச் சரக்காகக் கைமாறுகின்றன.

இனி, அரிசி இழுக்கும் மகிமை. இரிடியம் என்பது மெய்யாகவே உள்ள ஒரு அரிய உலோகம். 1803ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 2,400 டிகிரிக்கும் மேலே சூடு ஏற்றினால்தான் அது உருகும். கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னே 1616ல் அதில் எப்படிக் காசு அடித்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை! சில மோட்டார் வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கின் முனையில் இரிடியம் உண்டு. எந்த மெக்கானிக் தோழராவது பிளக்கைக் கழற்றும்போது பக்கத்து வீட்டு அரிசி பறந்து வந்து ஒட்டியதைப் பார்த்திருக்கிறாரா? செம்பும் பித்தளையும் இரிடியமும் அரிசியை இழுப்பதில்லை. அரிசிமணிக்குள் மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகி, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்தால் இழுக்கும். ஆகையால் அடுத்த தடவை எவனாவது வந்தால் உங்கள் வீட்டு அரிசியை நீங்களே எடுத்து வையுங்கள். அவன் கொண்டுவந்த அரிசியைக் கையால் தொடக்கூட விடமாட்டான் என்பதை அப்போது பார்ப்பீர்கள்.

"பழசாயிற்றே, பழசுக்கு விலை இல்லையா?" என்று கேட்கலாம். 1809 ஜனவரியில் சென்னைக்குச் செப்புக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கான பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை எடுத்தார்கள். 1808 என்று வருஷம் போட்ட அசல் கம்பெனிக் காசுகள் அவை. இருநூறு வருஷம் தாண்டியும் அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. ஏனென்றால் ஏராளமாய்க் கிடைக்கின்றன. வயதைப் பார்த்து மட்டும் விலை வருவதானால் நம் சங்ககிரி மலைப் பாறைக்குத்தான் உலகத்திலேயே அதிக விலை இருக்க வேண்டும்.

நிற்க, மெய்யான மெடல்களைப் பற்றிச் சொல்லுவோம். நமது சேலம் சீமை 1792 வரையில் மைசூர் சுல்தான் திப்புவின் ஆட்சியில் இருந்தது. அவ்வருஷத்து உடன்படிக்கையால் கம்பெனி கைக்கு வந்தது. பிறகு 1799 மே 4ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார். அந்த வெற்றியின் ஞாபகமாகக் கம்பெனி பர்மிங்காமில் உள்ள சோஹோ அச்சாலையில் ஒரு மெடல் அடிக்கச் செய்து 1808ல் வழங்கிற்று. ஒரு புறம் சிங்கம் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மறு புறம் படைகள் கோட்டைமேல் ஏறுகின்றன. சிங்கம் யார், புலி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உலோகத்தைக் கவனியுங்கள். பெரிய தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த தரத்துக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அதற்கடுத்து வெள்ளி, அதற்கடுத்து வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெறும் தகரம். குண்டடி பட்டு முன்னால் ஏறியவனுக்குத் தகரம், பின்னாலிருந்து உத்தரவிட்டவனுக்குத் தங்கம்! நம் ஊர் வருணாசிரமத்தை வெள்ளைக்காரன் உலோகத்திலேயே வார்த்துக் காட்டிவிட்டான்.

1914–18 யுத்தத்துக்கும் அதே முறைதான். பிரிட்டிஷ் யுத்த மெடல் என்பது கெட்டி வெள்ளி. ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறு புறம் குதிரைவீரன், 1914, 1918 என்ற வருஷங்கள். ஆனால் மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் கடல் கடந்து போன தொழிற்படையாருக்கு அதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் வெண்கலத்தில் இருந்தால் அது போலி என்று தூக்கி எறியாதீர்கள். மூட்டை சுமந்த பாட்டனின் கூலிச்சீட்டு அது. அக்காலத்தில் சென்னைச் சப்பர்ஸ் மைனர்ஸ் படையில் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர்கள் ஏராளமாய்ச் சேர்ந்தார்கள். ஊருக்குள் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமையில்லாதவன் கடலுக்கு அப்பால் பாலம் கட்டினான். எந்தத் தலபுராணம் அவன் பேரை எழுதியிருக்கிறது?

அந்த யுத்தத்துக்கு ஆள் போன ஊர்களில் பலவற்றில் ஒரு கல்பலகை பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் கணக்கு இருக்கும். மாட்டுச் சந்தைக் கணக்குப் போலத் தலையை எண்ணியிருக்கிறார்களே ஒழிய, பேர் இருக்காது. பேர் இருக்குமிடம் மெடலின் ஓரந்தான். அந்த யுத்தத்து மெடலை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். அவனுடைய படை எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சில வீடுகளில் அவன் எழுத்தாய் மிச்சமாயிருப்பது அந்த ஒரு வரி மட்டுமே. அதை எடைக்குப் போடுவதும், அவன் பேரை உலையில் போடுவதும் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே, எந்தப் பழைய வில்லை கைக்கு வந்தாலும் செய்ய வேண்டியவை இவை. முதலாவது, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். இரண்டாவது, பட்டறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1835ஆம் வருஷத்து அசல் அரை அணா ஏறக்குறைய 13 கிராம், கால் அணா 6½ கிராம் நிற்கும். ரொம்பக் கூடக் குறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, பூதக்கண்ணாடியால் பாருங்கள். அச்சில் அடித்ததானால் எழுத்தின் விளிம்பு கூர்மையாயிருக்கும். மண்ணில் வார்த்ததானால் மழுங்கி, சிறு சிறு குழிகளோடு, ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். நான்காவது, வருஷமும் மதிப்பும் அரசனும் ஒரே காலத்தவர்தானா என்று சரிபாருங்கள். ஐந்தாவது, யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்போது கிடைத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள்.

அதன் பின்னும் தெரியாவிட்டால் கேட்பதற்கு இடமிருக்கிறது. சேலத்தில் அரசு அருங்காட்சியகம் உண்டு. 1851ல் ஏற்பட்ட சென்னை அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பே உண்டு. யுத்தத்தில் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் யாரும் காசில்லாமல் தேடலாம். மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்க 1972ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகையால், "வெளிநாட்டுக்காரன் கோடி தருவான்" என்று வருகிறவன், பொருள் பொய்யானால் மோசக்காரன். மெய்யானால் சட்ட விரோதி. இரண்டிலும் அவனை வாசலோடு அனுப்புவதே யோக்கியம்.

முடிவாக ஒன்று. நாம் முதலில் சொன்ன ரிக் வண்டித் தோழர் அந்த வில்லையை இன்னும் பூஜை அறையில்தான் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். "மூணு லட்சம் போச்சுங்க. பொய்யின்னு ஒத்துக்கிட்டா மனசு தாங்காதுங்க" என்றார். தோழர்களே! பொய் நம்மிடம் தங்கிவிடுவது இப்படித்தான். போன பணத்தைவிட, போனதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுவதே பெரிய நஷ்டம். அவரை யாரும் பரிகாசம் செய்யாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டு நாலு பேருக்குச் சொன்னால் நாலு குடும்பம் தப்பும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டனின் மெடல் இருந்தால் ஓரத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் குங்குமம் வேண்டாம், கற்பூரம் வேண்டாம். இன்னார் இருந்தார், இங்கே போனார், இன்ன கூலிக்கு என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.