இல்லத்து வன்முறையும் இளம் உள்ளமும்

“சேர், கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரித்தெடுங்கோ.” பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற் சேர்க்க வரும் தகப்பன்மார் ஆசிரியரிடம் கூறும் இவ்வார்த்தையை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இலர். எங்கள் உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் இறைத்தும் கொத்தியும் பாடுபட்டு, தம் மக்களாவது படித்து முன்னேறவேண்டும் என ஏங்கும் பெற்றோர் அன்பின் மிகுதியாலேயே இவ்வாறு கூறுகின்றனர். அடியாத மாடு படியாது என்று பழமொழியும் துணைக்கு வருகின்றது. ஆயின், நாம் அன்பென்று கருதிய அந்த அடி பிள்ளையின் உள்ளத்தில் எவ்வாறு பதிகின்றது என்பதை நாம் ஆராய்ந்ததுண்டா?

நாம் ஆராயாத அதனை அறிஞர் சிலர் ஆராய்ந்திருக்கின்றனர். ஜேர்மனி நாட்டு உளவியலாளர் கிளவுடியா கட்டானி என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவரை நேர்கண்டு, தம் முடிவுகளை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். போர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, குடும்ப வன்முறை ஆகிய மூன்றும் குழந்தைகளின் உளநலத்தை எவ்வாறு தாக்கின என்பதே அவர்களது வினா. நேர்கண்டவர்கள் நன்கு பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்களே. ஆகவே பிள்ளைகள் தம் துயரைத் தம் சொந்த மொழியிலேயே கூற முடிந்தது.

அவர்கள் கண்டதென்ன? போர் தொடர்பான ஒரு கொடிய அனுபவத்தையாவது அடைந்த பிள்ளைகள் நூற்றுக்கு 82.4 பேர். குடும்ப வன்முறை என்ற வகையில் அடங்கும் ஓர் அனுபவத்தையாவது கூறியவர்களோ நூற்றுக்கு 95.6 பேர்! குண்டுகள் வீழ்ந்த நாட்டிலே, குண்டைக் கண்ட பிள்ளைகளிலும் வீட்டில் ஏதேனும் ஒரு வன்மையைக் கண்ட பிள்ளைகள் தொகையால் மிகுந்திருந்தனர். இவை எல்லாமே பெருங்கொடுமைகள் அல்ல; சிறியனவும் பெரியனவும் கலந்த கணக்கு இது. ஆயினும் அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 30.4 பேர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கும், 19.6 பேர் கடும் மனச்சோர்வுக்கும் ஆளாகியிருந்தனர் என்பதை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

மற்றுமொரு முடிவு நம் சிந்தனைக்கு உரியது. தந்தை மது அருந்துவதும், குடும்பம் போருக்கு முகங்கொடுத்திருந்ததும், பிள்ளை கூறிய துன்புறுத்தலின் அளவோடு தொடர்புற்றிருந்தன. போரும், ஆழிப்பேரலையும், வீட்டு வன்முறையும் ஒன்றன்மேலொன்றாகச் சேரச் சேர, பிள்ளையின் மனநோயும் மிகுந்தது. அஃதாவது, வெளியிலே பட்ட காயத்துக்கு மருந்திட வேண்டிய வீடே அக்காயத்தை ஆழமாக்கியிருக்கின்றது.

இதன் காரணத்தை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு ஒக்ரோபரில் உரும்பிராய் கண்ட அழிவை மூத்தோர் மறந்திலர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசல் விட்டுப் பெயர்ந்தபோது, தாயின் கையைப் பற்றி நடந்த குழந்தைகள் இன்று தாமே தாய் தந்தையர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரக் காயப்படுத்துகின்றது என்பதைக் ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தினால் விளக்கியுள்ளார். உறக்கமிழந்தவனும், எதற்கும் திடுக்கிடுபவனும், ஆற்ற முடியாத சினத்தை உள்ளே அடக்கி வைத்திருப்பவனும் ஒரு வீட்டின் தலைவனாய் இருக்கும்போது, உடைந்த ஒரு கிண்ணம் கூடப் பெருங்குற்றமாகி விடுகின்றது. அந்நிலையிற் சாராயமோ கசிப்போ சேருமாயின் கூறவேண்டியதில்லை. தாய் அடிபடுவதைக் கதவோரத்தில் நின்று காணும் பிள்ளை, தன் உடலில் அடி விழாவிடினும் அடிபட்ட பிள்ளையே.

எனினும், காரணம் வேறு, நியாயம் வேறு. போரிற் பட்ட துயரம் ஒருவனது கையை விளக்கலாம். அக்கையை ஓங்க அவனுக்கு உரிமை தந்துவிடாது. அதே துயரைப் பட்ட எத்தனையோ பேர் பிள்ளையை அணைத்தே வளர்த்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைக் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் வகுப்பாசிரியனாய் இருந்த காலத்தில், ஒரு சிறுவனின் காலிற் கன்றிய தழும்புகளைக் கண்டேன். வினவினேன். “சைக்கிளால விழுந்திட்டன் சேர்” என்றான். விழுந்தவன் காலில் அவ்வாறு வரிவரியாகத் தழும்பு விழாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நம்பியது போல இருந்துவிட்டேன். அதுவே எனக்கு எளிதாக இருந்தது. அவன் வகுப்பில் உறங்குகின்றான், கணக்கிற் புள்ளி குறைந்துவிட்டது என்று தந்தையை அழைத்து முறையிட்டேன். மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது, பழைய தழும்புகளின்மேற் புதியன இருந்தன. என் முறைப்பாடே அன்றிரவு தடியாக மாறியது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். உறக்கமும் புள்ளிக்குறைவும் அவனது குற்றங்களல்ல. அவன் வாய்திறந்து கூற இயலாத செய்தியை அவை கூறின. அதனைப் படிக்கத் தெரியாதவனாக நான் இருந்தேன்.

ஆசிரிய நண்பர்களே, மணியடித்த பின்னும் வீட்டுக்குப் போக மனமின்றி நிற்கும் பிள்ளையையும், கையை உயர்த்தினாற் கூசி ஒதுங்கும் பிள்ளையையும் கவனியுங்கள். பாடசாலையிற் பிரம்பை வைத்துக்கொண்டு பெற்றோருக்குப் புத்தி கூற நம்மால் இயலாது என்பதையும் மறவாதிருப்போம்.

அயலவருக்கும் கடமை உண்டு. கிடுகு வேலியாக இருந்த காலத்திலும், மதிலாகிவிட்ட இந்நாளிலும், அடுத்த வீட்டு அழுகுரல் நம் காதில் விழவே செய்கின்றது. “குடும்ப விஷயம், எங்களுக்கேன்” என்று கூறி வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகின்றோம். நாட்டின் சட்டம் இதனைக் குடும்ப விஷயமாகக் கருதவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். பிள்ளையின் சார்பிற் பெற்றோரோ பாதுகாவலரோ பொலிஸ் உத்தியோகத்தரோ அதற்கு விண்ணப்பிக்கலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் அறிவிக்கலாம்.

நிறைவாக ஒரு நற்செய்தி. கட்டானி அம்மையாரும் வேறிருவரும் போர் முடிந்த பின்னர் வடபகுதியில் 7 முதல் 11 வயது வரையான 359 மாணவரை ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றுண்டு. பெற்றோர் தம்மைப் பரிவோடு பேணுகின்றனர் என உணர்ந்த பிள்ளைகளை, போரும் அழிவும் தந்த கொடிய அனுபவங்கள் மனத்துயரிலும் அச்சத்திலும் அவ்வளவாக ஆழ்த்தவில்லை என்பது அதன் முடிவு. அப்பரிவுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மாலையிற் பிள்ளையை அருகிருத்தி, “இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது, ராசா?” என்று கேட்டு, அவன் கூறும் மறுமொழியை இடைமறியாமற் கேட்டாற் போதும்.

என்னிடம் வந்து, “உரித்தெடுங்கோ” என்று கூறும் தந்தையரை நான் இப்போது அமரச் செய்து, ஒரு வினாவையே கேட்கின்றேன்: “உங்கள் பிள்ளைக்கு எதில் விருப்பம்?” சிலர் உடனே கூறுவர். சிலர் நெடுநேரம் யோசிப்பர். யோசித்துவிட்டு, வீட்டுக்குச் சென்று பிள்ளையிடமே கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றவர்களும் உளர்.