பள்ளிக்கு வரும் வழியும் பாடமே
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



"வலப்புறம் பார், இடப்புறம் பார், மறுபடியும் வலப்புறம் பார்த்துச் சாலையைக் கட" என்று முதல் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறோம். சொல்லித் தரத்தான் வேண்டும். ஆனால், ஆறேழு வயதுக் குழந்தையால் வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவே நின்றால் அதன் உயரத்துக்குச் சாலையே தெரியாது. ஆகவே, குழந்தையை எச்சரித்தால் மட்டும் போதாது. சாலையையும் மாற்றக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டு மாற்றிய ஒரு நாட்டைச் சொல்கிறேன். நெதர்லாந்து என்றதும் நமக்குச் சைக்கிள் நினைவுக்கு வரும். ஆனால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. சைக்கிளில் போவோர் குறைந்தனர். 1971இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

விபத்தில் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப், 1972இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதே பெயரில் பெற்றோர்களின் இயக்கம் ஒன்று பிறந்தது. அவர்கள் தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். பிரதமர் வீட்டு வாசலில் நின்று பாட்டுப் பாடிப் பாதுகாப்பான தெருக்களைக் கேட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் நெரிசல் மிகுந்த டி பைப் பகுதியில் பள்ளிச் சிறுவர்களே விளையாட்டுத் தெரு கேட்டுப் போராடினார்கள். 1973இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் கார் இல்லாமல் வாழ முடியுமா என்று மக்களை யோசிக்க வைத்தது. குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்ற விதி 1976இல் சட்டமானது. தனிச் சைக்கிள் பாதைகள் பெருகின. இன்று மக்கள்தொகை கூடியும் அங்கே சாலை மரணங்கள் ஆண்டுக்கு 700 அளவில் இருக்கின்றன.

இதில் நம் பங்கு என்ன? நம் பாடங்களிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

அறிவியல் வகுப்பில் ஒரு கணக்குப் போடலாம். பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில், சுமார் 13 மீட்டருக்குள் முழுதாக நின்றேவிடும். மெதுவாக வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது! பள்ளிக்கு முன் வேகத்தடை எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

சமூக அறிவியல் வகுப்பில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை மாணவர்கள் வரைபடமாக வரையட்டும். நடைபாதை எங்கே அறுபடுகிறது, நிறுத்தத்தில் நிற்காமல் பேருந்து எங்கே தள்ளிப் போய் நிற்கிறது, சைக்கிளில் வர எந்த இடம் பயமாக இருக்கிறது என்று குறிக்கட்டும். கணக்கு வகுப்புக்காக, பள்ளி வாசலுக்கு உள்ளே நின்று, ஆசிரியர் துணையோடு, பத்து நிமிடத்தில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணட்டும்.

பிறகு தமிழ் வகுப்பு. தெருவிளக்கு வேண்டி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக என்று தேர்வுக்காக எழுத வைக்கிறோம். அது விடைத்தாளோடு முடிந்துவிடுகிறது. இந்த முறை வரைபடத்தையும் கணக்கையும் இணைத்து, உண்மையான கடிதமாக எழுதி அஞ்சலில் சேர்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக வைத்தால் அதற்கு வலு கூடும். பதில் வரும்வரை நினைவூட்டுக் கடிதமும் எழுதப் பழக்குவோம்.

அரசு நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி தருகிறது. கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டையும் தருகிறது. அந்த மிதிவண்டியை அச்சமின்றி ஓட்டவும், பேருந்து நிறுத்தம்வரை நடந்து போகவும் ஒரு பாதை வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் குடிமக்களாக அவர்களை வளர்ப்பது நம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது.