பழுதான வீடும் உரிமையாளரின் பொறுப்பும்



கூரை ஒழுகுகிறது, மாடிப்படி ஆடுகிறது, சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. வீட்டுக்கு உரியவரோ எட்டிப் பார்ப்பதில்லை. இத்தகையவரை நகர நிருவாகம் என்ன செய்யும்? பெரும்பாலான நகரங்களில் முறை ஒன்றுதான். அதிகாரி வந்து பார்வையிடுவார். பழுதுகளைக் குறித்து, தவணை சொல்லி, அறிவிப்புக் கொடுப்பார். தவணை கடந்தால் வழக்கும் அபராதமும் வரும். கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால், நிருவாகமே வேலையை முடித்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கும்.

முறை இவ்வளவு தெளிவாக இருந்தும் வீடுகள் பாழாவது ஏன்? இதற்கு விடை காணத் தஞ்சோங் பகாரின் பழைய கடைவீடுகளைப் பார்ப்போம். நம்மவர் பலர் துறைமுகத்தில் உழைத்த வட்டாரம் அது.

போருக்குப் பின் சிங்கப்பூரில் வீடுகளுக்குப் பெரும் பஞ்சம். ஏழைகளைக் காக்க 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1939ஆம் ஆண்டு வாடகையே அடிப்படையாயிற்று. குடியிருந்தவர்களுக்கு அது நிழலாக அமைந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, வரும் வாடகை ஓடு மாற்றவும் போதவில்லை. உரிமையாளர் கை விட்டார். முதன்மைக் குடியிருப்பாளர் சிலர் அறைகளைத் தடுத்து உள்வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்தனர். நெரிசலில் வாழ்ந்த கடைசிக் குடும்பத்தின் தலையில்தான் மழைநீர் ஒழுகியது.

1980களில் நிலைமை மாறியது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1987இல் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை முன்மாதிரியாகப் புதுப்பித்தது. 1989இல் அவ்வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பழைய தோற்றம் கெடாமல் பேணும் கடமை உரிமையாளரைச் சேர்ந்தது. புதுப்பித்த வீட்டுக்கு நல்ல வாடகையும் கிடைத்தது. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றிலும் நீங்கியது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் அங்கே வாழ்ந்த எளிய குடும்பங்களும் சிறு தொழில்களும் இடம்பெயர நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அபராதம் மட்டும் வீட்டைக் காக்காது. பழுதுபார்க்கப் பணத்துக்கு வழி இருக்க வேண்டும். குடியிருப்பவருக்கு மாற்றிடமும் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் சட்டம் பலன் தரும்.

இன்னொன்றும் உண்டு. 1986 மார்ச் 15ஆம் நாள் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். வடிவமைப்புக் கணக்கில் நேர்ந்த பெரும் பிழையே அதன் காரணம். அதன்பின் 1989இல் வந்த சட்டம், புகார் வரும்வரை காத்திராமல், கட்டடங்களைக் குறித்த காலத்தில் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் செய்தது: குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறை. தனி வீடுகளும் வரிசை வீடுகளும் இதற்கு விலக்கு. 2022 முதல், 20 ஆண்டு கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவர்களையும் 7 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கின்றனர்.

சோதிக்கும் பொறியாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறார். நாமோ அன்றாடம் அங்கே வாழ்கிறோம். சுவரில் புதிய வெடிப்பைக் கண்டால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்போம். அவர் அசையாவிட்டால் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குச் சொல்வோம். வீடு யாருடையதாயினும், அதற்குள் இருக்கும் உயிர்கள் நம்முடையவை.