உயரமும் அடியும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழா மேடையில் கணிதமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நம்மில் பலர் சாதாரண தரத்திற்குப் படித்த கூம்பகத்தின் கனவளவையே இன்று நினைவூட்ட விரும்புகிறோம். அடியின் பரப்பளவை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுப்போம். ஏன் மூன்று? அதே அடியும் அதே உயரமும் உள்ள பெட்டியொன்றை நிரப்ப, கூம்பகத்தால் மூன்று தரம் மணல் அளந்து கொட்டவேண்டும்.

இனி எகிப்தின் கீசாவுக்குப் போவோம். குஃபு மன்னரின் பிரமிட்டு கட்டப்பட்டபோது அதன் அடிப்பக்கம் 230.3 மீற்றர், உயரம் 146.6 மீற்றர். கணக்கிட்டால் ஏறத்தாழ 25.9 இலட்சம் கன மீற்றர் வரும். அருகே காஃப்ரே மன்னருடையது. பக்கம் 215.3 மீற்றர், உயரம் 143.5 மீற்றர். மேடான பாறை நிலத்தில் நிற்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு இதுவே உயரமாகத் தெரியும். ஆனால் கனவளவு ஏறத்தாழ 22.2 இலட்சம்தான். உயரத்தில் வித்தியாசம் வெறும் 3 மீற்றர், கனவளவில் 3.7 இலட்சம் கன மீற்றர். அங்குள்ள மூன்றாவது பிரமிட்டான மென்காவுரேயினது முழுக் கனவளவே இரண்டரை இலட்சத்தை எட்டாது!

காரணம் எளிது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கனவளவும் இரண்டு மடங்குதான். அடிப்பக்கத்தை இரண்டு மடங்காக்கினாலோ நான்கு மடங்கு. மெக்சிக்கோவின் சொலூலா பிரமிட்டு குஃபுவினதில் பாதி உயரமும் இல்லை, படிபடியாக எழுந்தது. ஆயினும் அகன்ற அடியினால், உலகிலேயே கனவளவு கூடிய பிரமிட்டாக அதனையே சொல்கிறார்கள்.

சகோதரிகளே, பெறுபேறு வெளிவரும் நாளில் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை பேருக்கு ஒன்பது ஏ?" அது உச்சியின் உயரம். அந்தப் பிள்ளைகளை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் கணிதத்தில் சித்தி தவறி, அத்தோடு படிப்பை விட்டுவிடும் பிள்ளை எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. அவர்கள்தான் அடி. அடி ஒடுங்கினால் உச்சி எவ்வளவு உயர்ந்தும் பயன் குறைவே.

ஆகவே இந்த நூற்றாண்டில் பரிசுக் கேடயங்களோடு இன்னொன்றும் செய்வோம். ஊரில் இருப்போர் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு இருப்போம். தூரத்தில் இருப்போர் கணினி வழியாக ஒருத்திக்கு ஒருத்தியாகக் கணிதம் சொல்லிக் கொடுப்போம். சூத்திரத்தை மனனம் செய்விக்க வேண்டாம். கொஞ்சம் மணலும் இரண்டு மட்டைப் பெட்டிகளும் போதும்.