தண்ணீர் ஓர் அலுவலகம், குழாய் இன்னோர் அலுவலகம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்ப்பில் தண்ணீர் இறங்கவில்லை, வாசலில் தெருவிளக்கு எரியவில்லை, தோண்டிய ரோட்டை மூடவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் "யாரிடம் போய்ச் சொல்வது?" என்ற கேள்வி நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் தவறாமல் வருகிறது. ஓர் அலுவலகத்துக்குப் போனால் "அது எங்களுடையது இல்லை" என்கிறார்கள். பல நேரம் அந்தப் பதில் பொய்யும் இல்லை. அது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நம்மை ஆள்வது மூன்று அரசுகள் என்று படித்திருக்கிறோம்: மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. ஆனால் நம் அன்றாட வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் இவற்றுக்கு இடையே நிற்கும் நான்காவது வகை. வாரியம், கழகம், இயக்ககம், மண்டல அலுவலகம் என்று பல பெயர்கள் அதற்கு உண்டு. அவற்றுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் பேருந்தும் அவை வழியாகத்தான் நமக்கு வருகின்றன.

தண்ணீரில் இருந்தே தொடங்குவோம். சங்கரன்கோவில் ஜீவநதி எதுவும் ஓடாத ஊர். தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகத்தான் நமக்கு வருகிறது. ஒரே திட்டத்தில் பல ஊர்கள் சேர்ந்திருப்பதால் எந்த ஒரு நகராட்சியும் அதைத் தனியாக நடத்த முடியாது. ஆற்றில் எடுப்பது, சுத்திகரிப்பது, மோட்டார் வைத்து ஏற்றுவது, பெரிய குழாயில் ஊர் எல்லை வரை கொண்டுவருவது எல்லாம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, தெருக்குழாய் வழியாக நம் இணைப்புக்குக் கொடுப்பது நகராட்சியின் வேலை. வாரியம் தரும் தண்ணீருக்கு நகராட்சி கிலோ லிட்டர் கணக்கில் பணம் கட்டுகிறது. நம்மிடம் குடிநீர்க் கட்டணம் வாங்குவது நகராட்சி.

ஆக, நாம் நகராட்சியின் வாடிக்கையாளர். நகராட்சி வாரியத்தின் வாடிக்கையாளர். பெரிய குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் நின்றால் நாம் கோபப்படுவது கவுன்சிலரிடம். அவர் கையில் இருப்பதோ ஒரு தொலைபேசி மட்டும்தான். அதே சமயம், ஊருக்கு முழு அளவு வந்தும் நம் தெருவுக்கு வரவில்லை என்றால் அது வாரியத்தின் குற்றம் அல்ல, உள்ளூர் விநியோகத்தின் கோளாறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதும் மனு இரண்டு மேசைகளுக்கு நடுவே அலையும். அது அலையும் நாட்களில் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம்தான்.

தெருவிளக்கும் இப்படித்தான். கம்பமும் அதில் ஓடும் மின்சாரமும் மின்பகிர்மானக் கழகத்துக்குச் சொந்தம். விளக்கு நகராட்சிக்குச் சொந்தம். அது எரிவதற்கான மின்கட்டணத்தையும் நகராட்சியே கட்டுகிறது. கம்பம் சாய்ந்தால் ஓர் அலுவலகம், பல்பு போனால் இன்னொன்று. பேருந்து நிலையம் நகராட்சியுடையது; உள்ளே வரும் அரசுப் பேருந்து திருநெல்வேலி போக்குவரத்துக் கழகத்துடையது. உள் தெரு நகராட்சிக்கு; ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. ரயில் நிலையமோ தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கு, அதாவது மத்திய அரசுக்கு.

ஏன் இத்தனை சிக்கல்? காலவரிசையைப் பார்த்தால் புரியும். மின்சார வாரியம் 1957-இல் வந்தது. குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் வந்தது. கட்டட வரைபட அனுமதிக்கும் மனைப்பிரிவுக்கும் அடிப்படையான நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம்தான். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982. இவையெல்லாம் மாநில அரசு தன் கைகளாக உருவாக்கியவை. அன்று சிறிய ஊர்களில் பொறியாளரும் இல்லை, பணமும் இல்லை. ஒரு நகராட்சி தனியாகத் தாமிரபரணியில் இருந்து குழாய் பதித்திருக்கவே முடியாது. அந்த வகையில் வாரியங்கள் வந்தது நமக்கு நன்மைதான்.

அதன் பிறகு, 1993 ஜூன் 1 முதல் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்ற முடிவை அது மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அதனால் பொறுப்பு கீழே இறங்கியது; அதிகாரத்தில் பெரும் பகுதி வாரியங்களிடமே தங்கிவிட்டது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2016-இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். வாரியமும் கழகமும் வழக்கம்போல நடந்தன. அவற்றிடம் "எங்கள் வார்டுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்க நம் சார்பில் ஒரு நாற்காலி இல்லை.

மன்றம் இருக்கும்போதும் அதன் கை எவ்வளவு நீளும்? சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்பதும் வசூலிப்பதும் நகராட்சி. ஆனால் 2022-இல் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்ற உயர்வு சென்னையில் இருந்து வந்தது. நகராட்சி ஆணையாளர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. அவருக்கு மேலே திருநெல்வேலியில் மண்டல இயக்குநர், அதற்கும் மேலே சென்னையில் இயக்குநர். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது ஆட்சியர் அலுவலகம் நமக்குப் பக்கத்தில் வந்தது. நகராட்சி நிர்வாகத்துக்கும் மின்சாரத்துக்கும் மண்டலம் இன்றும் திருநெல்வேலிதான். மாவட்ட எல்லை ஒரு கோடு, மண்டல எல்லை வேறொரு கோடு.

பெரிய நகரங்களிலும் கதை இதேதான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குத் தலைவர் மேயர் அல்ல, மாநில அமைச்சர். நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்று எழுதுவது குழுமம். வளர்ந்த இடத்தில் குப்பை அள்ளுவது மாநகராட்சி.

அப்படியானால் வாரியங்களைக் கலைத்துவிடலாமா? கூடாது. ஆறு ஊர் எல்லை பார்த்து ஓடுவதில்லை. பல ஊர்களுக்கும் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பு வேண்டும். நாம் கேட்பது வேறு. பல ஊர்களுக்குச் சேர்த்து வேலை செய்யும் அமைப்பு, அந்த ஊர்களின் மன்றங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இன்று அது மேலே சொல்கிறது, பக்கவாட்டில் சொல்வதில்லை. இதற்காகவே அரசியலமைப்பு மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் பகிர்வது அது பார்க்க வேண்டிய விஷயங்களில் ஒன்று. அந்தக் குழுவைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சரி, நாம் என்ன செய்யலாம்? நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, மனு எழுதும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கத்துத் தெருவுக்கும் தண்ணீர் வரவில்லையா, நமக்கு மட்டுமா? வராத நாட்களைத் தேதியுடன் குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டாவது, ஒரே மனுவை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். நகராட்சிக்கு எழுதினால் நகல் வாரியத்துக்கு. வாரியத்துக்கு எழுதினால் நகல் ஆணையாளருக்கு. இருவர் பெயரும் ஒரே தாளில் இருக்கும்போது "எங்களுடையது இல்லை" என்று சொல்வது கடினம். தென்காசியில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இரு துறையையும் ஒருசேரக் கேட்கக்கூடியவர் ஆட்சியர்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். நம் நகராட்சிக்கு ஒதுக்கிய தண்ணீர் எவ்வளவு, உண்மையில் வந்தது எவ்வளவு என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். வாரியத்திடம் நாம் நேரடியாகக் கேட்டால் அது ஒரு குடியிருப்பின் மனு. நம் கவுன்சிலர் எழுந்து பேசி நகர்மன்றம் தீர்மானம் போட்டு அனுப்பினால் அது ஓர் ஊரின் கேள்வி. இத்தனை அலுவலகங்களில் நம் ஓட்டால் உட்கார்ந்திருப்பது அந்த மன்றம் ஒன்றுதான். அதை வெறும் குப்பைப் புகாருக்கு மட்டும் பயன்படுத்தினால் அதன் கை குட்டையாகவேதான் இருக்கும்.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்ற பட்டியலை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வராத நாட்களைக் குறிக்கும் நோட்டு ஒன்றைக் காவலாளி அறையில் வைப்போம். கோடை தொடங்கும் முன் அதில் முதல் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்.